பிறந்த வீடும் புகுந்த வீடும்

எங்கள் ஊர் நூல்நிலையத்தில், வாசலுக்கு நேராகப் போட்டிருக்கும் மேஜையின்மேல், நீலக் காலிகோ துணி ஒட்டிய கனத்த பதிவேடு ஒன்று எப்போதும் இருக்கும். நாற்பது ஆண்டுகளாக அங்கே வந்து சேர்ந்த ஒவ்வொரு புத்தகத்தின் பெயரும், அதன் ஆசிரியர் பெயரும், நன்கொடையாகத் தந்தவர் பெயரும், பலருடைய கையெழுத்தில் அதில் வரிசையாக ஏறியிருக்கின்றன. ஆனால் தேடி வருகிறவர்களுக்கு அந்தப் பதிவேட்டைவிட, நிலையத்தின் காரியதரிசியாக இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரின் ஞாபகசக்தியே அதிகம் உதவுகிறது. இன்ன புத்தகம் இன்ன பீரோவில் மூன்றாம் தட்டில் இருக்கிறது என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அவருக்கும் எழுபத்தைந்து வயதாகிவிட்டது. அந்தப் பதிவேட்டை இணையத்தில் ஏற்றி, வீட்டிலிருந்தபடியே யாரும் தேடிப் பார்க்கும்படி செய்து தருகிறேன் என்று, பொறியியல் படித்து முடித்த என் தம்பி மகன் முன்வந்தபோது எங்களுக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல.

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், வாடிய முகத்தோடு அவன் என்னிடம் வந்தான்.

"பெரியப்பா, எந்த மொழியில் எழுதுவது என்பதிலேயே நிற்கிறேன். பிஎச்பி பழைய சரக்கு, தொடாதே என்கிறான் ஒருவன். ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று தெரிந்தால் போதும் என்கிறான் இன்னொருவன். பைத்தான் தெரியாவிட்டால் இனிமேல் வேலையே கிடையாது என்கிறான் மூன்றாமவன். நீங்கள் சொல்லுங்கள், எது நல்லது?"

இது அவன் ஒருவனுடைய கேள்வி மாத்திரமன்று. கல்லூரியை விட்டு வெளியே வருகிற மாணவர்களும், தம் கடைக்கு ஓர் இணையதளம் வேண்டுமென்று எண்ணுகிற வியாபாரிகளும், பிள்ளையை எந்தப் பயிற்சி வகுப்பில் சேர்ப்பது என்று யோசிக்கிற பெற்றோரும் இதையே வெவ்வேறு வார்த்தைகளில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருபது வருஷங்களுக்கு மேலாக இத்தொழிலில் காலம் கழித்தவன் என்ற உரிமையோடு நான் அவனுக்குச் சொன்ன பதில் இதுதான்: "நம் வீடுகளில் ஒரு சம்பந்தம் பேச உட்காரும்போது பெரியவர்கள் முதலில் என்ன விசாரிக்கிறார்கள்? எந்த ஊர், யார் வீடு, எப்படி வளர்ந்த பிள்ளை என்பதைத்தானே? அதன்பிறகு, புகப்போகிற வீட்டின் வழக்கத்துக்கு அது ஒத்துவருமா என்று பார்க்கிறார்கள். கணினி மொழிக்கும் அதே விசாரணையைச் செய்." ஒவ்வொரு மொழியும், அதன்மேல் எழுந்த ஒவ்வொரு ஃபிரேம்வொர்க்கும், ஏதோ ஒரு மனிதருக்கு ஏதோ ஓர் இடத்தில் நேர்ந்த நெருக்கடியில் பிறந்தவை, பிறந்த வீட்டின் சுபாவம் கடைசிவரையில் அவற்றை விட்டு நீங்குவதில்லை.

அந்தப் பிறப்பு வரலாறுகளுக்குள் புகுமுன், ஓர் இணையதளம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்றே பார்த்துவிடுவது நலம். வாசகர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு புத்தகத்தின் பெயரைத் தட்டித் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னால் இருப்பது பிரவுசர் என்னும் உலாவி. அது அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு, எங்கோ ஓர் ஊரில் இரவும் பகலும் விழித்திருக்கும் சர்வர் என்ற கணினியிடம் போய்க் கேட்கிறது. சர்வரில் இருக்கும் நிரல், அந்த வேண்டுகோளைப் படித்து, டேட்டாபேஸ் என்னும் தகவல் களஞ்சியத்தில் தேடி, கிடைத்ததை ஒரு பக்கமாகக் கோத்துத் திருப்பி அனுப்புகிறது. பிரவுசருக்கு உள்ளே புழங்கும் பாஷைகளில் நமக்குத் தேர்வு அதிகமில்லை: பக்கத்தின் எலும்புக்கூட்டுக்கு எச்டிஎம்எல், அதன் அலங்காரத்துக்கு சிஎஸ்எஸ், அசைவுக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்பது உலகமுழுதும் ஏற்பட்டுவிட்ட சம்பிரதாயம். தேர்வு என்ற பிரச்னை முக்கியமாக எழுவது சர்வர் பக்கத்தில்தான். அங்கே எந்த மொழியையும் வைத்துக்கொள்ளலாம்.

1989-ஆம் ஆண்டில், ஜினீவாவை அடுத்துள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ இந்த இணைய வலையைப் பற்றிய தம் யோசனையை எழுதிக் கொடுத்தபோது, விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளை ஒருவருக்கொருவர் எளிதாகப் படிக்கக் கொடுப்பதே அவருடைய நோக்கமாயிருந்தது. அன்றைய பக்கங்கள் அச்சடித்த காகிதத்தைப் போன்றவை. யார் வந்து கேட்டாலும் அதே பக்கந்தான். 1993-ஆம் ஆண்டில் செர்ன் இந்த நுட்பத்தை யாவரும் விலையின்றி உபயோகிக்கலாம் என்று அறிவித்தது. அவ்வாண்டிலேயே, சர்வரைக் கொண்டு ஒரு நிரலை இயக்கி, கேட்பவருக்குத் தக்கபடி பக்கத்தை அப்போதைக்கப்போது சிருஷ்டித்துத் தரும் ஏற்பாடும் வந்தது. அந்த நாள்முதல், 'அந்த நிரலை எதில் எழுதுவது?' என்ற கேள்வியும் பிறந்துவிட்டது.

பிஎச்பி பிறந்தது ஒரு தனி மனிதரின் மேஜையில். 1994-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர், இணையத்தில் வைத்திருந்த தம் சுயவிவரப் பக்கத்தை எத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகச் சில சிறு கருவிகளைச் செய்துகொண்டார். மறு ஆண்டு அவற்றைப் பிறருக்கும் கொடுத்தார். 'தனிமனிதரின் முகப்புப் பக்கம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அந்த மூன்றெழுத்துப் பெயராயின. ஏற்கெனவே உள்ள ஒரு பக்கத்தின் நடுவே இரண்டு வரி நிரலைச் செருகினால் அந்தப் பக்கம் உயிர்பெற்றுவிடும் என்ற எளிமை அதற்குப் பிறவிக் குணம். அந்த எளிமையால்தான் அது காட்டுத்தீயைப் போலப் பரவிற்று. விக்கிப்பீடியாவைத் தாங்கி நிற்பதும், 2003-இல் தோன்றி இன்று உலகத்து இணையதளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவற்றை இயக்கும் வேர்ட்பிரஸ்ஸைத் தாங்கி நிற்பதும் அந்த மொழிதான். அந்த எளிமையாலேயே, கட்டுப்பாடில்லாமல் எழுதியவர்களின் கையில் அது குப்பையாகக் குவிந்ததும் உண்டு. ஆயினும், 2011-இல் வந்த லாராவெல் என்ற ஃபிரேம்வொர்க்கும், 2015-இல் வேகத்தைப் பெருமளவு கூட்டிக்கொண்டு வந்த ஏழாம் பதிப்பும் அதற்கு ஒழுங்கையும் வலிவையும் தந்திருக்கின்றன. அதைச் செத்த மொழி என்று சொல்லுகிறவர்கள், அது சுமந்து நிற்கும் பாரத்தைப் பார்க்காதவர்களே.

ஜாவாஸ்கிரிப்டின் கதை வேறு. 1995-ஆம் ஆண்டு மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் எழுதி முடிக்க வேண்டிய நிர்ப்பந்தத்துக்கு ஆளானார். அப்போது புகழேறிக்கொண்டிருந்த ஜாவாவின் பெயரை ஒட்டி அதற்குப் பெயர் வைத்தார்களேயன்றி, இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை. அவசரத்தில் விழுந்த சில கோணல்கள் இன்றும் அதில் அப்படியே இருக்கின்றன. ஏனென்றால், அவற்றைத் திருத்தப் புகுந்தால், அவற்றை நம்பி எழுதப்பட்ட பழைய பக்கங்கள் எல்லாம் உடைந்துபோகும். எனினும் பிரவுசருக்குள் அதற்கு வாய்த்த ஏகபோகமே அதற்குப் பெரும் செல்வமாயிற்று. 2009-இல் ரையன் டால் என்பவர் நோட் என்ற சாதனத்தைச் செய்து அதை சர்வருக்கும் கொண்டுவந்தார். அடுப்பில் உலை கொதிக்கும்வரையில் அங்கேயே நின்றுகொண்டிராமல், அந்நேரத்தில் காய் நறுக்கி, பருப்பு களைந்து, மறுபடி அடுப்பண்டை திரும்பும் இல்லத்தரசியைப்போல, ஒரு வேலையின் விடைக்காகக் காத்திருக்கும் பொழுதில் மற்ற வேலைகளை நடத்திக்கொண்டு போவது நோடின் விசேஷம். ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கானோர் செய்தி பரிமாறிக்கொள்ளும் அரட்டை அரங்கு போன்றவற்றுக்கு அது மிகவும் ஏற்றது. எழுதும்போதே பிழையைச் சுட்டிக்காட்டும் கண்டிப்பு ஜாவாஸ்கிரிப்டில் இல்லாத குறையைத் தீர்க்க, மைக்ரோசாஃப்ட் 2012-இல் டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழியை வெளியிட்டது. பலர் கூடி எழுதும் பெரிய வேலைகளில் இன்று அதையே விரும்பி எடுக்கிறார்கள்.

இனி, எனக்கு மிகவும் பிரியமான ஒரு பிறப்பைச் சொல்லுகிறேன். அமெரிக்காவின் கான்சஸ் மாகாணத்தில் லாரன்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வெளிவந்துகொண்டிருந்த 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' என்ற உள்ளூர்ப் பத்திரிகையின் இணையப் பிரிவில், 2003-ஆம் ஆண்டில், ஏட்ரியன் ஹோலவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இரு இளைஞர்கள் வேலை பார்த்துவந்தார்கள். பத்திரிகை அலுவலகத்தின் அவசரம் எத்தகையது என்பது நமக்குத் தெரியும்; காலையில் ஒரு யோசனை தோன்றினால் மாலைக்குள் அது வாசகர் கண்ணில் பட்டாக வேண்டும். அதுவரை பிஎச்பியில் எழுதிவந்த அவர்கள், கய்டோ வான் ராஸம் 1991-இல் வெளியிட்ட பைத்தான் மொழியின் தெளிவில் மனம் பறிகொடுத்து அதற்கு மாறினார்கள். ஒவ்வொரு தளத்தையும் கட்டும்போது திரும்பத் திரும்பச் செய்ய நேர்ந்த வேலைகளை ஒரு பொது அமைப்பாகத் திரட்டி வைத்துக்கொண்டே வந்தார்கள். அவ்வாறு திரண்டதே ஜாங்கோ. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற புகழ்பெற்ற கிதார்க் கலைஞரின் பெயரைத் தாங்கி, 2005-ஆம் ஆண்டில் அது உலகத்தார் யாவரும் எடுத்து உபயோகிக்கும்படி வெளிவந்தது.

அது பத்திரிகை வீட்டுப் பிள்ளை என்பது அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது. செய்தி எழுதுகிற நிருபருக்கு நிரல் எழுதத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே, தலைப்பு, ஆசிரியர், தேதி, உள்ளடக்கம் என்று இன்னின்ன விவரங்கள் வேண்டும் என்று சில வரிகளில் எழுதிவிட்டால் போதும். அவற்றை உள்ளிடவும் திருத்தவும் தேடவும் நீக்கவும் உதவும் ஒரு முழு நிர்வாகப் பகுதியை ஜாங்கோ தானே ஆக்கித் தந்துவிடுகிறது. பதிவேட்டில் புத்தகம் ஏற்றுகிற எங்கள் காரியதரிசியின் வேலைக்கும், செய்தி ஏற்றுகிற அந்த ஊர் உதவியாசிரியரின் வேலைக்கும் எவ்வளவு நெருங்கிய ஒற்றுமை என்பதை வாசகர்களே கண்டுகொள்வார்கள்.

ஃபிரேம்வொர்க் என்ற சொல்லைப் பலமுறை சொல்லிவிட்டேன். அதன் பொருளைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கல்யாணத்துக்குப் பாத்திரக் கடையிலிருந்து அண்டாவும் குண்டாவும் வாடகைக்கு எடுத்துவந்து, நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, நம் இஷ்டப்படி நடத்துவது ஒரு முறை. மண்டபத்தை எடுத்துக்கொள்வது இன்னொரு முறை. அங்கே மேடை இங்கே, சமையற்கட்டு அங்கே, பந்தி நடக்கும் கூடம் இன்ன இடத்தில் என்று எல்லாம் முன்பே அமைந்திருக்கும். அந்த அமைப்புக்குள் நம் கல்யாணம் நடக்கும். ஃபிரேம்வொர்க் என்பது இந்த மண்டபம். 2004-இல் டேவிட் ஹைன்மையர் ஹான்சன் வெளியிட்ட ரெயில்ஸ், இந்த மண்டபக் கொள்கையை ஒரு தர்மமாகவே நிலைநாட்டியது என்று சொல்லலாம். ஜப்பானியரான யுகிஹிரோ மாட்சுமோட்டோ, எழுதுகிறவருக்கு ஆனந்தம் உண்டாகவேண்டும் என்ற நோக்கத்தோடு சமைத்த ரூபி என்ற மொழியில் அது எழுதப்பட்டது. எந்தக் கோப்பு எங்கே இருக்கவேண்டும், எந்தப் பட்டியலுக்கு என்ன பெயர் என்பவற்றையெல்லாம் மரபாகவே வகுத்துவிட்டால், சில்லறைத் தீர்மானங்களில் காலம் வீணாகாது என்பது அதன் உபதேசம். மண்டபம் வேண்டாம், எனக்கு நாலு கால் பந்தல் போதும் என்பவர்களுக்கு, பைத்தானில் ஃபிளாஸ்க்கும் நோடில் எக்ஸ்பிரஸ்ஸும் இருக்கின்றன. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது அங்கே நம் பொறுப்பு.

மண்டபத்தால் வரும் சௌகரியத்தைக் காட்டிலும், அதன் மதில் தரும் காவல் பெரிது என்பது என் அனுபவம். நூல்நிலையத்தின் தேடல் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். வாசகர் தட்டிய பெயரை, டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளையில், இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே அப்படியே ஒட்டி அனுப்புகிறான் அனுபவமில்லாத ஒருவன். நல்லவர்கள் புத்தகப் பெயரைத் தட்டுகிறவரையில் ஒரு கெடுதியும் இல்லை. ஒரு நாள் துஷ்டன் ஒருவன் வந்து, முதலில் ஒரு மேற்கோள் குறியைத் தட்டி, அதனால் அந்தப் பெயரை அங்கேயே முடித்துவிட்டு, அதன் பின்னால் 'பட்டியல் முழுவதையும் அழித்துவிடு' என்று பொருள்படும் கட்டளையைத் தட்டுகிறான். எது வாசகர் சொன்னது, எது நிரலாளர் சொன்னது என்று பிரித்தறியும் வழி டேட்டாபேஸுக்கு ஏது? நாற்பது ஆண்டுப் பதிவேடு ஒரு கணத்தில் வெறுமையாகிவிடும். ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல் போன்றவற்றில், அவை வகுத்த வழியிலேயே சென்றால், கட்டளை வேறாகவும் வாசகர் தந்த சொல் வேறாகவும் தனித்தனியே அனுப்பப்படும். துஷ்டன் தட்டியது முழுவதும், அப்படி ஒரு புத்தகம் இல்லையென்ற விடையோடு முடிந்துபோகும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள், எல்லாவற்றையும் தாமே எழுதவேண்டும் என்ற வைராக்கியத்தை விட்டு, பல்லாயிரம் பேர் கண் பார்த்துச் செப்பனிட்ட மதிலுக்குள் இருந்து வேலை கற்பது நல்லது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

ஜாவாவையும் சி ஷார்ப்பையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெரிய வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும், நூற்றுக்கணக்கான பேர் ஆண்டுக்கணக்கில் ஒரே நிரல்தொகுதியைப் பேணவேண்டிய இடங்களில், அவற்றின் கண்டிப்பும் நிதானமும் விலைமதிப்பற்றவை. அந்த வேலையை நாடுகிற மாணவருக்கு ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கின் பரிச்சயம் அவசியம். கூகுள் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கோ மொழி, மிகுந்த போக்குவரத்தைச் சிறு செலவில் தாங்கவேண்டிய சர்வர்களுக்காகவே பிறந்தது. எங்கள் நூல்நிலையத்துக்கு இவையெல்லாம் பெரிய தேரைக் கொண்டுவந்து சிறிய சந்தில் விடுவதுபோல் ஆகும்.

வேகத்தைப் பற்றிய வாக்குவாதங்களை இளைஞர்கள் மிகவும் விரும்புகிறார்கள். சாதாரணமான ஒரு தளத்தில் காலம் செலவாவது பெரும்பாலும் மொழியால் அன்று. டேட்டாபேஸ் தேடுவதிலும், கம்பி வழியே செய்தி வந்துபோவதிலுமே அது கரைகிறது. ட்விட்டர் 2006-இல் ரெயில்ஸில்தான் பிறந்தது. கூட்டம் தாங்காமல் தத்தளித்தபோது, தன் பின்புறப் பகுதிகளைப் படிப்படியாக ஸ்காலா, ஜாவா ஆகிய மொழிகளுக்கு மாற்றிக்கொண்டது. ஃபேஸ்புக், தான் பிறந்த பிஎச்பியைக் கைவிடாமல், அதையே வேகமாக ஓட்டும் இயந்திரத்தைத் தானே செய்துகொண்டு, 2014-இல் ஹாக் என்ற புது மொழியாகவும் அதை வளர்த்தது. இணையக் கடைகளை நடத்தித்தரும் ஷாப்பிஃபை இன்றும் ரெயில்ஸில் நிலைத்திருக்கிறது. இன்ஸ்டகிராம் ஜாங்கோவின்மேல் வளர்ந்தது. கூட்டம் வந்தபின் மாற்றிக்கொள்ள வழி உண்டு. கூட்டம் வருமளவுக்கு முதலில் ஒன்றை ஆக்கி நடத்துவதுதான் கடினம் என்ற பாடத்தை இந்த வரலாறுகள் எல்லாம் ஒருமுகமாகப் போதிக்கின்றன.

வேகத்தைவிட நம்மை அதிகமாகக் கவலைப்படுத்தவேண்டியது ஆயுள். கூகுள் 2010-இல் தந்த ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க்கை நம்பிப் பல நிறுவனங்கள் பெருந்தளங்களைக் கட்டின. 2016-இல் அதன் இரண்டாம் பதிப்பு, பழையதோடு ஒட்டாத முற்றிலும் புதிய கட்டடமாக வந்தது. பழையதற்கு இருந்த ஆதரவும் 2021-ஆம் ஆண்டின் முடிவோடு நின்றது. பைத்தானுங்கூட 2008-இல் மூன்றாம் பதிப்புக்கு மாறியபோது, இரண்டாம் பதிப்பில் எழுதியவர்கள் எல்லோரும் கரையேற 2020-ஆம் ஆண்டு வரையில் அவகாசம் தரவேண்டியிருந்தது. 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சொற்களின் இடப்புறத்தில் வெற்றிடம் சேர்க்கும் பதினொரு வரிச் சிறு நிரலொன்றை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த பல ஜாவாஸ்கிரிப்ட் வேலைகள், உலகமுழுதும், சில மணிநேரம் அப்படியே நின்றுபோயின. நாம் எழுதும் பத்து வரிக்குப் பின்னால், நாம் முகமறியாத எத்தனை பேருடைய உழைப்பு நிற்கிறது, அவர்கள் அதை எத்தனை காலம் பேணுவார்கள் என்று விசாரிப்பது, சம்பந்தம் பேசுகிறவர் குடும்பத்தை விசாரிப்பதைப் போன்ற கடமையே. ஜாங்கோவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு மூன்று ஆண்டு பராமரிப்பு உறுதி. இத்தகைய உறுதியை எழுத்தில் தருகிற கருவியை நான் மதிக்கிறேன்.

தமிழில் தளம் அமைக்கிறவர்கள் மேலும் ஒரு பரீட்சையை வைத்தாக வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால், பள்ளிப் பிள்ளை மூன்று என்று சொல்லும். கணினிக்குள், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில், அது ஐந்து உறுப்புகளாக இருக்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. சேமிப்பில் அவை ஒவ்வொன்றும் மும்மூன்று பைட் இடம் பிடிக்கின்றன. ஆகவே, நீளம் என்ன என்று கேட்டால் பிஎச்பியின் சாதாரண எண்ணும் கட்டளை பதினைந்து என்கிறது. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் ஐந்து என்கின்றன. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்விஃப்ட் மூன்று என்கிறது. மூன்று என்று எண்ணுவிக்கும் வழி மற்ற மொழிகளிலும் உண்டு. அதைத் தேடி எடுத்துக்கொள்ளவேண்டும். தேடாவிட்டால் என்ன ஆகும்? நீளமான தலைப்பை இத்தனை எழுத்தோடு வெட்டு என்று சொல்லிவைத்த இடத்தில், கடைசிப் புள்ளி பறிபோய், 'தமிழ்' என்பது 'தமிழ' என்று நொண்டி நிற்கும்.

அகர வரிசையிலும் இதே ஆபத்து உண்டு. பலா, பவளம், பழம், பள்ளி என்பது நம் நெடுங்கணக்கின் வரிசை. லகரத்தின்பின் வகரமும், அதன்பின் ழகர ளகரங்களும் வருவதை யாவரும் அறிவோம். ஆனால் யூனிகோடு எண்களின்படி மாத்திரம் அடுக்கச் சொன்னால், கணினி பலா, பள்ளி, பழம், பவளம் என்று அடுக்கும். ஒரு நூற்பட்டியலில் இந்தப் பிழை நேர்ந்தால், தமிழாசிரியர் ஒருவர் அதை மன்னிப்பாரா? நல்லவேளையாக, போஸ்ட்கிரஸ் போன்ற டேட்டாபேஸ்களுக்குத் தமிழ் வரிசைப்படி அடுக்கு என்று சொல்லிவைக்க முடியும். எந்தக் கருவியை எடுப்பதானாலும், முதல் நாளிலேயே இந்த நாலு சொற்களை உள்ளிட்டு அடுக்கிப் பார்த்துவிடுங்கள் என்பது தமிழ்த் தளம் கட்டுகிறவர்களுக்கு என் வேண்டுகோள்.

இவையெல்லாம் பேசி முடித்து, நானும் என் தம்பி மகனும் நூல்நிலையத்துக்குப் போய், காரியதரிசியிடம் எங்கள் யோசனையை விவரித்தோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், மொழியைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ ஒன்றும் வினவவில்லை.

"தம்பி, நீ நாளைக்கு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டால், இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று மாத்திரம் கேட்டார்.

"நான் அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன், ஐயா" என்றான் அவன்.

"இந்தப் பதிவேட்டை ஆரம்பித்தவர் காலமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவர் எழுதிவைத்த முறையில்தான் நாங்கள் இன்றும் எழுதுகிறோம். அந்த மாதிரி இருக்கவேண்டும்" என்றார் அவர்.

நான் இத்தனை நேரம் பேசியதில் பாதியாவது அந்தச் சில வாக்கியங்களில் அடங்கியிருந்தது. புகுந்த வீடு என்று நான் சொன்னது இதைத்தான். ஒரு தளத்தை எழுதுவது சில வாரம்; அதைப் பேணுவது பல வருஷம். நமக்கு உதவிக்கு வரக்கூடியவர்கள் எந்த மொழி தெரிந்தவர்கள், தளத்தைச் சர்வரில் குடிவைக்கும் ஹோஸ்டிங்குக்கு மாதம் எவ்வளவு கொடுக்க முடியும், தினந்தோறும் அதைக் கையாளுகிறவர் யார் என்பவை, எந்த மொழி சிறந்தது என்பதற்கு முன்னே நிற்கவேண்டிய கேள்விகள். அறிவிப்புகளும் புகைப்படங்களும் மாத்திரம் போடவேண்டிய ஒரு சங்கத்துக்கு, மலிவான ஹோஸ்டிங்கில் எல்லாம் ஓடுகிற வேர்ட்பிரஸ்ஸே உத்தமம். நிரல் எழுதவே வேண்டியதில்லை. கடைவீதியில் பத்துப் பேர் பிஎச்பி தெரிந்தவர்கள் இருக்கிற ஊரில், வியாபாரி லாராவெல்லை எடுத்தால் நாளைக்குத் திண்டாடமாட்டார். தொடர்ந்து கணத்துக்குக் கணம் மாறும் திரைகள் வேண்டுவோருக்கு, ரியாக்ட், வியூ முதலிய ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளோடு நோடைச் சேர்ப்பது பொருத்தம்.

மாணவர்களுக்கு நான் சொல்வது இன்னும் எளிது. வேண்டுகோளும் விடையும் எப்படிப் போய்வருகின்றன, டேட்டாபேஸில் தகவலை எப்படி அடுக்குவது, ஒரு பக்கத்தின் அமைப்பு எத்தகையது என்ற அடிப்படைகள் எல்லா மொழிகளுக்கும் பொதுவானவை. அவற்றோடு ஏதேனும் ஒரு மொழியை ஆழ்ந்து கற்று, ஒரு தளத்தையாவது ஆரம்பமுதல் முடிவுவரை கட்டி, பிறர் உபயோகிக்கக் கொடுத்து, அவர்கள் சொல்லும் குறைகளைத் தீர்த்துப் பாருங்கள். ஒரு சைக்கிளில் பழகிய கால் மற்றொரு சைக்கிளிலும் தானே மிதிப்பதுபோல, இரண்டாவது மொழி பிறகு சிரமமின்றி வரும். ஐந்து மொழிகளின் முதல் பாடத்தை மாத்திரம் படித்தவர்களைக் காட்டிலும், ஒன்றைக் கடைசிவரை படித்தவரையே இத்தொழில் மதிக்கிறது.

எங்கள் நூல்நிலையத்துக்கு ஜாங்கோவையும் போஸ்ட்கிரஸ்ஸையும் எடுத்துக்கொண்டான் என் தம்பி மகன். உள்ளிடும் பகுதியில் 'நூற்பெயர்', 'ஆசிரியர்', 'தந்தவர்', 'பீரோ', 'தட்டு' என்று எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதினான். இணையச் சமிக்ஞை மெலிந்த இடங்களிலும் திறக்கவேண்டுமென்று ஜாவாஸ்கிரிப்டை மிகவும் குறைத்துக்கொண்டான். முதல் புத்தகத்தைக் காரியதரிசியே தம் கையால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி, உள்ளிட்டார். பிறகு பட்டியலைத் திறந்து, பவளம் பலாவுக்கும் பழத்துக்கும் நடுவே நிற்பதைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

வேலைக்குப் புறப்படுமுன் அவன் இன்னொன்றும் செய்தான். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, சர்வர் நின்றுபோனால் என்ன செய்யவேண்டும், வாரந்தோறும் நகல் எடுத்துவைப்பது எப்படி, புதிய பதிப்பு வந்தால் எந்த வரிசையில் மாற்றவேண்டும், ஜாங்கோவை ஏன் எடுத்தோம் என்பதையெல்லாம் தெளிவான தமிழில், தன் கையெழுத்தில், எழுதிவைத்தான். காரியதரிசி அதை வாங்கி, முதல் பக்கத்தில் தேதி இட்டு, நீலப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்தார். இன்று அந்த மேஜையின்மேல் அவை இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.